41 குழுக்களில் இருந்தேன், கேட்க ஆளில்லை

கோத்தகிரி வட்டாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு 2022 ஜூனில் மாறுதல் வாங்கி வந்தேன். மொத்தம் 22 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் 4, இரண்டில் 5, மூன்றில் 3, நான்கில் 6, ஐந்தில் 4. கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜூலையில் தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் போக, இரண்டு ஒன்றானது. அந்த வருடம்தான் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியிருந்தது. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் உட்காரவைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து நடத்த வேண்டும். பக்கத்து அறையில் நான்கும் ஐந்தும் காத்திருக்கும். சமவெளியில் 38 பிள்ளைகள் உள்ள ஒற்றை வகுப்பை எட்டு வருடம் நடத்திப் பழகியவள் நான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்கள். இங்கே காடும் நிஜம், சாயங்காலம் பள்ளிச் சரிவில் மேய வரும் காட்டுமாடும் நிஜம். யாரையாவது கேட்டால் தேவலை என்று போனை எடுத்தேன். செப்டம்பருக்குள் 41 ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் இருந்தேன்.

இழந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடப்பொருள் தொகுப்பு என்று விற்ற இரண்டு பி.டி.எப். கட்டுகளுக்கு 499, 299. சான்றிதழோடு இணையவழிப் பயிற்சி என்று ஒன்றுக்கு 999. கலர் பிரிண்ட் 140 பக்கம், பக்கத்துக்கு 10 ரூபாய், 1,400. லேமினேஷன் மிஷின் 3,200. என் வாட்ஸ்அப் கணக்கு பறிபோனதில் சக ஆசிரியர்கள் இருவருக்கு நான் திருப்பிக் கொடுத்தது 8,000. ஆக 14,397 ரூபாய். நேரக் கணக்கு இதைவிட மோசம். ஜூலை முதல் அக்டோபர் வரை ராத்திரி சராசரி இரண்டரை மணி நேரம் குழுக்களில் போயிருக்கிறது என்று போனே காட்டியது. 300 மணிக்கு மேல். பள்ளி நேரமாக மாற்றிப் பார்த்தால் ஐம்பது வேலை நாள். இவ்வளவுக்கும் மறுநாள் காலை கரும்பலகை முன்னால் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. இதெல்லாம் போக ஒன்று இருக்கிறது, அதைக் காசில் போட முடியாது. பின்னால் சொல்கிறேன்.

எங்கள் துறையில் வாட்ஸ்அப்பைப் புலனம் என்பார்கள். பெரிய புலனக் குழுவில் என்ன ஓடுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். ஒரே குழுவில் 186 செய்திகள். காலை வணக்கம், பூங்கொத்து, பிறந்தநாள், பஞ்சப்படி எப்போது, பழைய ஓய்வூதியம் வருமா, அந்த ஊர் காலிப் பணியிடம், இந்தச் செயலியில் வருகைப்பதிவு ஏறவில்லையா என்ற கேள்வி, 'எனக்கும் ஏறல' என்று முப்பது பதில். வகுப்பறைக்கு ஆகக்கூடியது 9. அந்த 9-இலும் 6 ஏற்கெனவே வேறு மூன்று குழுக்களில் பார்த்தவை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 500 பேர் ஒரு அறையில் இருந்தால் சத்தம்தான் வரும். சந்தையில் நின்றுகொண்டு வைத்தியம் கேட்டது என் தப்பு.

குழுக்களை விட்டு விலகுவதற்கு முன்னால் போனில் செய்ய வேண்டியவை சில உண்டு. வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைக்குள் 'குழுக்கள்' என்று ஓர் இடம் இருக்கும். அதை 'எனது தொடர்புகள்' என்று மாற்றினால் முகம் தெரியாதவர் உங்களை இழுத்துப் போட முடியாது. சேமிப்பகம், தரவு என்ற இடத்தில் படம், வீடியோ, கோப்பு மூன்றுக்கும் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். மலையில் ஒற்றைக் கோடு நெட்வொர்க்கில் காலை வணக்கப் படம் இறங்கி முடிப்பதற்குள் உங்களுக்கு வேண்டிய பயிற்சித்தாள் பாதியில் நின்றுவிடும். வட்டாரக் கல்வி அலுவலகம், குறுவளமையம் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் மையம்) போன்று துறை வழியாக வரும் இரண்டு மூன்று குழுக்களிலிருந்து விலக முடியாது. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒரு வாரம் ஒலியடக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் எதைத் திறக்கவே தோன்றவில்லையோ அது தேவையில்லாதது. என்னுடைய 41-இல் 36 அப்படிப் போனது.

கோப்புகள் பற்றி. குழுக்களில் சுற்றும் வினாத்தாள், பயிற்சித்தாள் பலவும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த வேர்டு கோப்புகள். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். காரணம் எளிது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. யூனிகோடில் தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு, அதனால் எந்த போனிலும் தமிழாகவே தெரியும். அனுப்புகிறவர் பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். திருத்த வேண்டுமென்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். மூல எழுத்துரு எது என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாற்றிய பிறகு ஔகாரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 'கௌதாரி' இருந்த இடத்தில் கொம்பும் ளகரமும் பிரிந்து 'கெளதாரி' ஆகியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் தப்பிவிடும், தேடினால் கிடைக்காது. பயிற்சித்தாளைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி மங்கவைக்கும். கோப்பாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. 'டாக்' என்று தொடங்கித் தேதியும் நம்பருமாக இருக்கும் கோப்பை மூன்று மாதம் கழித்துத் தேடினால் தலைவலிதான் மிச்சம். வகுப்பு, பாடம், பருவம், பொருள் என்ற வரிசையில் '2-கணக்கு-ப1-கழித்தல்' என்று வைத்தால் போதும்.

காசு கொடுத்து வாங்கிய தொகுப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பாதிப் பக்கங்கள் பாடநூல் கழகம் இலவசமாகக் கொடுக்கும் பாடநூலிலிருந்தே வெட்டி ஒட்டியவை. மீதி, யாரோ ஓர் ஆசிரியர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்தது. அவர் பெயரை அழித்துவிட்டு நீர்க்குறி போட்டு விற்றிருக்கிறார்கள். கதைப் புத்தகம் வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் சும்மாவே கிடைக்கின்றன. அச்செடுக்கலாம், பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிப் பாவனைகளில் பின்னம், காந்தம் எல்லாம் இருக்கிறது. வீட்டில் நெட்வொர்க் உள்ளபோது இறக்கி வைத்துக்கொண்டால் பள்ளியில் இணையம் இல்லாமலே ஓடும். 999 ரூபாய்ச் சான்றிதழைப் பற்றிப் பேசவேண்டாம். பீரோவில் இருக்கிறது.

லேமினேஷன் கதை தனி. சமவெளிக் குழு ஒன்றில் அழகழகாக அட்டைகள் போட்டிருந்தார்கள். பார்த்ததும் ஆசை. பிரிண்ட் எடுத்து, மிஷின் வாங்கி, எல்லாவற்றையும் ஓட்டினேன். ஐப்பசி மழையில் இரண்டே வாரம்தான். உள்ளே வெள்ளையாகக் குமிழ், பிறகு ஓரத்தில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. எங்கள் மலையில் அந்த மாதங்களில் காகிதமே ஈரத்தைக் குடித்துத்தான் இருக்கும். ஈரக் காகிதத்தை உள்ளே வைத்துச் சூடேற்றினால் நீராவி போக வழியில்லாமல் குமிழாகும். காகிதத்தை முதலில் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, சூடு ஆறும் முன்பே உறைக்குள் வைக்க வேண்டும். 125 மைக்ரான் உறை நிற்கும், மெலிந்தது சுருளும். ஓட்டி முடித்து ஓரம் வெட்டும்போது காகிதத்தை ஒட்டி வெட்டக் கூடாது, சுற்றிலும் நான்கைந்து மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு விட வேண்டும். நான் அழகுக்காக ஒட்ட வெட்டினேன், ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போனது. இங்க்ஜெட் கலர் ஈரத்தில் கசியும், ஜெராக்ஸ் கசியாது. சுவரில் செலோடேப் ஒட்டாது. கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டினால் மார்ச் வரை இருக்கும். பிளாஸ்டிக்குக்கு இத்தனை கட்டுப்பாடு உள்ள மாவட்டத்தில் இவ்வளவு உறை சேர்ப்பது உறுத்தவும் செய்தது. இப்போது பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, ஜெராக்ஸை ஒட்டி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சொல்ல வந்தது இதுதான்: குழுவில் ஒரு யோசனையைப் பார்த்தால், அதைப் போட்டவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். படம் எடுத்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

மழை விடுமுறைச் செய்தியில் ஏமாறாத ஆசிரியர் இந்த மாவட்டத்தில் உண்டா தெரியவில்லை. ஒரு காலை ஆறே முக்காலுக்கு விடுமுறை அறிவிப்புப் படம் வந்தது. நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு சத்துணவு அக்கா கூப்பிட்டு, "டீச்சர், புள்ளைங்க நனைஞ்சிட்டு நிக்குதுங்க" என்றார். அது முந்தின வருடத்துப் படம். அதிலும் உதகை, குந்தா, கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும். கோத்தகிரி அதில் இல்லவே இல்லை. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கொட்டும்போது எங்கள் பக்கம் வெறும் தூறலாக இருக்கும், எங்களுக்கு அடிக்கும் காலம் ஐப்பசி, கார்த்திகை. ஆகவே ஆட்சியர் அறிவிப்பில் வட்டத்தின் பெயரைப் படிக்காமல் நம்பக் கூடாது. துறை உத்தரவான செயல்முறைக் கடிதம் எது வந்தாலும் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), நாள், கையொப்பம் மூன்றையும் பாருங்கள். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று பொருள். அப்படி வந்ததை வட்டாரக் கல்வி அலுவலகக் குழுவில் சரிபார்க்காமல் பெற்றோருக்கு அனுப்பாதீர்கள்.

இனி, கேள்வி கேட்பது. இதைத்தான் நான் கடைசியாகக் கற்றேன், முதலிலேயே கற்றிருக்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு குழுவில் "இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் வரவில்லை, யோசனை சொல்லுங்கள்" என்று போட்டேன். நாற்பது பதில். பாதி யூடியூப் இணைப்பு, மீதி 'விளையாட்டு முறையில் கற்பியுங்கள்'. ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு சின்னக் குழுவில் வேறு மாதிரி எழுதினேன். பல்வகுப்பு அறை, கழித்தல் செய்யும் பிள்ளைகள் 8 பேர், அதில் 5 பேர் 42-இலிருந்து 17 போனால் 35 என்று எழுதுகிறார்கள், 29-இலிருந்து 14 போனால் சரியாக வருகிறது, ஆறு நாள் கரும்பலகையில் கடன் வாங்கிக் காட்டினேன், ஒரு நாளுக்கு எனக்குக் கிடைப்பது 25 நிமிடம், கையில் மணிச்சட்டம் இல்லை. கூடவே ஒரு நோட்டின் படம், பெயர் தெரியாமல் மடித்து. இரண்டே பதில்தான் வந்தது, இரண்டும் பொருள் உள்ளவை. முதல் பதில்: "பிள்ளைகளுக்குக் கழித்தல் தெரியும் டீச்சர். பெரியதிலிருந்து சிறியதைத்தான் எடுக்கணும்னு நினைக்கிறாங்க. 2-லிருந்து 7 போகாது, அதனால 7-லிருந்து 2-ஐ எடுத்து 5, 4-லிருந்து 1-ஐ எடுத்து 3. அவங்களுக்குப் பத்து உடையும்னு தெரியல." நோயைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது பதில், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சி.

குச்சிக்கு நான் கடைக்குப் போகவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிப் போட்டது மலைபோலக் கிடந்தது. சுண்டுவிரல் கனத்துக்குக் குறைந்த குச்சிகளை நாலு அங்குலமாக வெட்டி, தேய்த்துக் கழுவி, அடுப்படியில் நாலு நாள் காயவைத்தோம். வெட்டுவாயில் மருந்து பூசிய செடியாக இருந்தால் அந்தக் குச்சி வேண்டாம். மூன்று பேருக்கு 100 குச்சி என்று கணக்கு. எட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று குழு, 300 குச்சி, தொலைவதற்கு 30. ரப்பர் பேண்ட் வேண்டாம், பத்து முறை அவிழ்த்தால் அறுந்துவிடும். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி வளையமாக வெட்டினால் வருடக்கணக்கில் வரும். 42 என்பது நாலு கட்டு, இரண்டு உதிரி. 17 கொடு என்றால் பிள்ளை முதலில் ஏழு உதிரியைத் தேடும். இரண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். அதுவாகவே ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடு, ஐந்து. ஒரு கட்டை எடு, இரண்டு. 25. நாலாவது நாளிலிருந்து குச்சியையும் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதவைத்தேன். குச்சியை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் கொடுக்க அவசரப்பட்டு ஒருமுறை ஆறாம் நாளே முயன்றேன், மூன்று பேர் பழையபடி 35-க்குப் போனார்கள். பன்னிரண்டு நாள் ஆனது. அதன்பிறகு அம்மாக்கள் கொண்டுவரும் பச்சை இலை எடைச் சீட்டுகளை வைத்துக் கணக்குப் போட்டோம். காலை எடை, மாலை எடை, ஈரத்துக்குக் கழித்தது. பிள்ளைகள் என்னைவிட வேகமாகச் சொன்னார்கள், அது வீட்டுக் காசு.

ஆகவே கேள்வியில் இவை இருக்க வேண்டும்: எந்த வகுப்பு, எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குச் சிக்கல், பிள்ளை சரியாக என்ன எழுதியது அல்லது சொன்னது, எந்த இடத்தில் சரியாக வருகிறது, எத்தனை நாள் என்ன செய்தீர்கள், கையில் என்ன இருக்கிறது. எங்கள் மலையில் வீட்டு மொழியையும் சேர்க்க வேண்டும். படுகு பேசும் வீட்டுப் பிள்ளை பத்தை 'ஹத்து' என்றும் பாலை 'ஹாலு' என்றும் சொல்லும். அது உச்சரிப்புப் பிழை அல்ல, இன்னொரு மொழி. ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆகிற வழி இதற்கு ஆகாது. பதில் சொல்கிறவருக்கும் எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: செய்து பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், எத்தனை பிள்ளைகளிடம் செய்தது என்று சேர்த்து.

காசில் போட முடியாதது என்று சொன்னேனே. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. அவள் திக்கித் திக்கிப் படிப்பதை 40 விநாடி வீடியோ எடுத்து மூன்று குழுக்களில் போட்டேன். உதவி கேட்டுத்தான் போட்டேன், மனதில் வேறு எதுவும் இல்லை. எட்டு நாள் கழித்து அவள் அம்மா வேலைக்கு நடுவில், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு, வந்து நின்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவர் தம்பி யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் அதைப் பார்த்திருக்கிறார். மேலே சிரிப்புப் படம், 'அரசுப் பள்ளித் தரம்' என்று ஒரு வரி. "எம் புள்ள படிக்கலன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர், ஊருக்கு எதுக்குச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளை ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை.

அன்றே எல்லாக் குழுக்களிலும் அழிக்கப் பார்த்தேன். 'எல்லோருக்கும் நீக்கு' என்பது சுமார் இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும். அதன்பிறகு குழு நிர்வாகியைக் கேட்டு அவர் வழியாக நீக்கலாம். அப்படி நீக்கினாலும் வேறு குழுக்களுக்குப் போனது போனதுதான். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே எனக்கு அந்த அம்மா வந்துவிட்டார். இப்போது முகம், பெயர், குரல், சீருடையில் பள்ளிப் பெயர் எதுவும் வெளியே போகாது. கையும் நோட்டும் மட்டும். நோட்டிலும் உறைப் பக்கம் வராது. உண்மையில் வீடியோவைவிட எழுதிக் கேட்டால்தான் நல்ல பதில் வருகிறது. அதே பிள்ளையைப் பற்றிப் பிறகு இப்படி எழுதினேன்: "'குருவி'யை கு, ரு, வி என்று தனித்தனியாகச் சரியாகச் சொல்கிறாள். சேர்த்துச் சொல் என்றால் 'குவி' என்கிறாள். இரண்டெழுத்துச் சொல் வருகிறது." பதில் ஒரே மணி நேரத்தில் வந்தது. எழுத்து தெரிகிறது, மூன்றை நினைவில் பிடித்துச் சேர்ப்பதுதான் சுமை, கடைசியில் ஒரேயடியாகச் சேர்க்கச் சொல்லாமல் போகப் போகச் சேர்க்கவையுங்கள் என்று. ஓர் அட்டையால் சொல்லை மூடி ஒவ்வோர் எழுத்தாகத் திறக்க வேண்டும். 'கு' திறந்தால் கு. 'ரு' திறந்தால் ரு அல்ல, 'குரு'. 'வி' திறந்தால் 'குருவி'. நாளுக்கு ஐந்து சொல், ஏழு நிமிடம், அவள் பெஞ்சிலேயே, யாரும் பார்க்காத மாதிரி. தை மாதம் நாலெழுத்துச் சொல் படித்தாள்.

கணக்கு பறிபோன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முட்டாள்தனம். தெரிந்த ஆசிரியர் நம்பரிலிருந்து, "டீச்சர், தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கக் கோடு வந்திருக்கும், அனுப்புங்க" என்று வந்தது. அவர் கணக்கும் அதற்கு முன் பறிபோயிருந்தது எனக்குத் தெரியாது. அனுப்பினேன். அது என் வாட்ஸ்அப் நுழைவுக் கோடு. அரை மணியில் என் பெயரில் அவசரம் என்று காசு கேட்டுச் செய்தி, ஒருவர் 5,000, இன்னொருவர் 3,000 அனுப்பிவிட்டார்கள். இப்படி ஆனால் உடனே உங்கள் போனில் அதே நம்பரை மறுபடி பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் புதுக் கோடைப் போட்டதும் திருடன் வெளியேறிவிடுவான். அவன் இரண்டாம் கட்டப் பின் எண் (PIN) போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரும், ஆனால் அவனும் வெளியேதான். இன்னொருவர் போனிலிருந்து நிர்வாகிகளுக்குச் சொல்லி எல்லாக் குழுக்களிலும் உங்கள் நம்பரை நீக்கவையுங்கள். காசு போனவர் 1930-க்கு அப்போதே கூப்பிட வேண்டும், 12 இலக்க யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணோடு. நாங்கள் மறுநாள் காலைதான் கூப்பிட்டோம், காசு அதற்குள் போய்விட்டது. இரண்டாம் கட்டப் பின்னை நீங்களே இன்று போட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு (போனில் செயலியை நிறுவுவது) எந்தக் குழுவில் வந்தாலும், யார் போட்டாலும், தொடாதீர்கள்.

இப்போதுள்ள குழு குறுவளமையக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது ஆரம்பித்தது. ஏழு பேர், இப்போது பதினொன்று. எல்லோரும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள். கூடலூர் பக்கம் மூன்று பேர், கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒருவர். பதினைந்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு. அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வெறும் பார்வையாளராகிவிடுகிறார்கள். நிர்வாகி இரண்டு பேர், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் ஓடும். வணக்கம், வாழ்த்து கிடையாது. வீடியோ கிடையாது, நெட்வொர்க் தாங்காது. எழுத்து, அல்லது ஒரு நிமிடத்துக்குள் குரல். பெரிய கோப்பு இருந்தால் மாதாந்திரக் கூட்டத்தில் பென்டிரைவில் கைமாறும், போனில் பென்டிரைவை மாட்டும் ஓடிஜி கேபிள் ஒருவர் கொண்டுவருவார். கேள்வி எந்நேரமும் போடலாம், பதில் ராத்திரி எட்டரை முதல் ஒன்பது வரை மட்டும். இந்த அரைமணிக் கட்டுப்பாடுதான் குழுவைக் காப்பாற்றுகிறது என்பது என் அபிப்பிராயம், ஒருவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை 'இந்த வாரம் சொதப்பியது' என்று அவரவர் ஒன்று போட வேண்டும். மேல்மலைக்காரர் ஒருமுறை பூண்டுப் பல்லை வைத்துப் பெருக்கல் நடத்தப் போய், ஒவ்வொரு பூண்டிலும் பல் வேறு வேறு எண்ணிக்கை என்பதை வகுப்பில்தான் உணர்ந்ததாக எழுதினார். அன்று சிரித்த மாதிரி அந்த வருடம் நான் சிரிக்கவில்லை. மனக்குறையும் கொட்டலாம், ஆனால் அதிகாரிகளைப் பற்றி எழுத்தில் வேண்டாம் என்பது எங்கள் பழக்கம். ஸ்கிரீன்ஷாட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, ஒழுங்கு நடவடிக்கை விதி 17-பி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு போன் இருக்கிறது, கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

இந்த ஜூனில் பந்தலூர் பக்கம் புதிதாக ஒரு டீச்சர் சேர்ந்தார். குழுவில் போட்ட முதல் செய்தியே, "ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் பேசவே மாட்டேங்கிறான், என்ன செய்யலாம்?" எட்டரைக்கு மேல்மலைக்காரர் பதில் போட்டார்: "எத்தனை நாளா டீச்சர்? உங்ககிட்ட மட்டும் பேசலையா, பிள்ளைங்ககிட்டயும் பேசலையா? வீட்டுல என்ன மொழி?" மறுநாள் பதில் வந்தது. வீட்டில் பணியர் பழங்குடியினரின் மொழி. இடைவேளையில் அண்ணனோடு சத்தமாகப் பேசுகிறான். நான்காம் வகுப்பு அண்ணன்.

"அப்ப அண்ணனை நாளைக்குக் காலையில பத்து நிமிஷம் கடன் வாங்குங்க" என்று எழுதினேன்.